மதகடி மண்

இரவு பத்து மணி தாண்டியிருக்கும். பூதலூர் ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற வாய்க்கால் ரோடு. இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட வயல்... ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. ஒரே ஒரு மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. வண்டி நிறைய வைக்கோல். வைக்கோலுக்குள் வாயடைத்த மண் கலயங்கள்.

வண்டிக்குப் பின்னால் நடந்தவன் தியாகேசன். நம் ஆனந்தவல்லியின் பெரியப்பா மகன். அதோ கட்டிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளைக் கேளுங்கள். ஒரு வார்த்தை பொய்யென்றால் அவளே சொல்லட்டும். ஹாஸ்டலில் கரண்ட் வருகிற வரைக்கும்தான் கதை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

தியாகேசன் படம் வரையப் படிக்கிறவன். மாசி மாதம் ஊருக்கு வந்து களத்துக் கொட்டகையில் கலயங்களை அடுக்கி வைத்தான். இருட்டிய பிறகு யார் வேண்டுமானாலும் தனியாக உள்ளே போகலாம். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைக் கலயத்துக்குள் சொல்லி, குழைத்த மண்ணால் வாயை அடைத்துவிட்டு வரலாம். பேர் வேண்டாம், முகம் வேண்டாம். யாரும் திறக்கவும் மாட்டார்கள். அப்படியே கொண்டுபோய்ப் பட்டணத்தில் கண்காட்சி வைப்பான். அதுதான் கலையாம்.

ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நினைத்தான். வந்தார்கள். ஆட்சி மாறி, மேடையில் எல்லோரும் சமமாகி, வயலில் மட்டும் கூலி மாறாமல் கிடந்த சமயம். முந்தின ஐப்பசியில் நடவுக் கூலியில் அரைப் படி நெல் கூட்டிக் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அடி, கேஸ், ஜெயில். அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு பேச்சு இல்லை. அதனால் கலயத்திடம் பேசினார்கள். பண்ணை ஆட்கள்கூடத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து போனார்கள்.

ராமாயி பேச வரவில்லை. கேட்க வந்தாள்.

அவள் புருஷன் உத்திராபதி சங்கத்துக்காரன், தோளில் எப்போதும் சிவப்புத் துண்டு. வேலைநிறுத்தத்தின்போது, மழை கொட்டிய ஒரு ராத்திரியில் காணாமல் போனான். அதே ராத்திரி மதகுப் பக்கத்தில் கரை உடைந்து, பண்ணை ஆட்கள் அடைத்தார்கள். எவளோடோ ரயிலேறிவிட்டான் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. இருக்கிறானா, செத்தானா... ராமாயிக்குத் தெரியாது. கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டே திரிந்தாள். யாருக்கு இந்த மினுக்கு என்று ஊர் கேட்டது.

“இதுல ஒரு கலயத்துல அவரு சேதி இருக்கு தம்பி. எதுன்னு மட்டும் காட்டுங்க” என்றாள்.

திறக்கக் கூடாது, அது நம்பிக்கைத் துரோகம் என்று தியாகேசன் பாடம் நடத்தினான். கொன்றவனின் நம்பிக்கையாக இருந்தாலும் காப்பாற்ற வேண்டுமாம். ராமாயி விடவில்லை. வண்டி கிளம்பியதும் பின்னாலேயே நடந்து வந்தாள். இருட்டில் அவள் வளையல் சத்தம் மட்டும்... சல்... சல்... கேட்டுக்கொண்டே வந்தது.

மதகுக்கு வந்ததும் மாடுகள் நின்றுவிட்டன. வண்டிக்காரர் சிவசாமி வாலை முறுக்கிப் பார்த்தார். நகரவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம். புளுக்... புளுக்... சேற்றுக்குள்ளிருந்து காற்று வருகிற மாதிரி. வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சத்தம் வண்டிக்குள்ளிருந்து வந்தது. கூடவே ஒரு வாடை. அழுகிய வைக்கோலும் பீடிப் புகையும் கலந்த மாதிரி.

தியாகேசன் ஒரு கலயத்தைத் தொட்டான். மாசி வெயிலில் மூன்று நாள் காய்ந்த மண். தொட்ட விரலில் சேறு ஒட்டியது.

ராமாயி வண்டியில் ஏறினாள். அவனால் தடுக்க முடியவில்லை. ஒரு கலயத்தில் காதை வைத்தாள். அடுத்ததில் வைத்தாள். அதற்கடுத்ததில்...

“எல்லாத்துலயும் அவருதான். மூச்சு முட்டுது அவருக்கு.” பிறகு மெதுவாகக் கேட்டாள். “இந்த மண்ண எங்கேருந்து எடுத்தீங்க?”

மண் கொண்டுவந்தவர் சிவசாமி. வாயடைக்கிற மண்ணில் வைக்கோல் கலந்து ஊறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். ஐப்பசியில் உடைப்பு அடைத்த மதகடிக் கரையில் வைக்கோல் மட்கித் தயாராகக் கிடந்தது. மிதித்துக் குழைக்கிற வேலை மிச்சமென்று அங்கேயே வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது சாட்டையைக் கீழே போட்டார்.

“அன்னிக்கு ராத்திரி நான் மேல நின்னு வைக்கோல்தாம்மா கொடுத்தேன். இருட்டு... என்னத்த உள்ள வெச்சு அடைச்சானுவன்னு நான் பாக்கல.”

ராமாயி இறங்கிப் போய்க் கரையைக் கையால் தோண்டினாள். விடிகிற நேரத்தில் ஒரு சிவப்புத் துண்டின் முனை வந்தது. முடிச்சோடு. இழுத்தாள், வரவில்லை. உள்ளே எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது. வயலுக்கு வந்த பெண்கள் பார்த்துவிட்டு, வளையலைக் கழற்றச் சொல்லி அழுதார்கள்.

“அவர வெளியில எடுத்துட்டுக் கழட்டுறேன்” என்றாள்.

எடுக்க விடவில்லை. பண்ணை சொல்லி போலீஸ் வந்தது. கரையை வெட்டினாள் என்று அவள் மேலேயே கேஸ். துண்டு யாருடையதாகவும் இருக்கலாமாம். சிவசாமி எதையும் பார்க்கவில்லையாம். தியாகேசன்? கலயங்களோடு ரயிலைப் பிடித்தான்.

பொழுது சாய்ந்த பிறகு ராமாயியை வெளியே விட்டார்கள். அதே வாய்க்கால் ரோட்டில் தனியாக நடந்து போனதைப் பார்த்தவர்கள் உண்டு. வீட்டுக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தவர்கள் இல்லை. அவள் தோண்டிய பள்ளத்தைப் பண்ணை ஆட்கள் அன்று ராத்திரியே அடைத்துவிட்டார்கள். காலையில் கரை மொழுமொழுவென்று இருந்தது.

கண்காட்சியில் நல்ல கூட்டம். கலயத்தில் காதை வைத்தவர்கள் கடல் இரைச்சல் மாதிரி இருக்கிறது என்று ரசித்தார்களாம். முடிந்ததும் தியாகேசன் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டான். ஆனந்தவல்லிக்கும் ஒன்று வந்தது.

அதோ, அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் தொட்டுப் பார்த்தேன். மண் இன்னும் காயவில்லை. காது வைத்தும் கேட்டேன். மூச்சு கேட்கிறது. அதுகூடப் பரவாயில்லை...

கூடவே, சேற்றுக்குள் கை துழாவுகிற மாதிரி, கண்ணாடி வளையல் சத்தமும் கேட்கிறது.