காசியம்மாளுக்கு ஒரு மூஞ்சி

"ஹலோ... ஹலோ... ஆமா, தருமன்தான் பேசறேன். ஜியாவுல்லா பாய் பார்சல் ஆபீஸ்லேர்ந்து... அருணகிரியா? பேசு, பேசு... இல்லடா, உங்க அத்த இன்னும் கெடைக்கல. ஒம்போது நாள் ஆச்சு... எவன் தேடறான்? இந்தக் காலத்து ஜனம் இன்னா ஜனம்! தீபத்தன்னிக்குக் கூட்டத்துல எம் பொண்டாட்டி காசியம்மா காணாப் பூட்டா, புத்தி பெசகுன மனுஷி, பேரு கேட்டா சொல்லத் தெரியாதுன்னு அழாத கொறையா சொல்றேன். ஃபோட்டோ இருக்கான்றான். பஸ் ஸ்டாண்டுல கேட்டா ஃபோட்டோ. ஆஸ்பத்திரில கேட்டா ஃபோட்டோ. ஆளப் பத்தி ஒருத்தன் கேக்கல..."

தருமன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு கையை விட்டால் மெட்ராஸ் நழுவிவிடும் என்பது போல.

"ஒண்ணு கூட இல்லடா... ஆமா, ஆமா, நாந்தான். உன் கல்யாணத்துல ஃபோட்டோக்காரன் வந்து நின்னப்ப நாந்தான் அவளக் கையப் புடிச்சு எழுப்பி உட்டேன். ஃபோட்டோ புடிச்சா ஆயுசு கம்மியாவும்னு... செரி, அத இப்ப எடுக்காத. உங்க கம்பெனி மிஷின்ல இன்னாவோ பண்ணலாம்னு கடுதாசி போட்டியே, அதச் சொல்லு... கம்ப்யூட்டரு, ஆமா... அதுல ஒரு வெளையாட்டு. ஆமா... வெளையாடறவன் மொதல்ல தனக்குன்னு ஒரு ஆள செஞ்சுக்கணும். தல, கண்ணு, மூக்குன்னு பொறுக்கிப் பொறுக்கி... செஞ்சத அப்பிடியே காயிதத்துல அடிச்சுக் குடுக்கும், நீ நோட்டீஸ் போட்டு ஒட்டுவ... செரி, கேளு. சொல்றேன்."

"இன்னாது? ... சண்டக்காரியா, மந்திரக்காரியா, திருடியாவா? மூஞ்சிக்கும் இதுக்கும் இன்னாடா? ... அதச் சொன்னாத்தான் அடுத்ததுக்கு உடுமா? ... உங்க அத்தைய திருடின்னு போடுவியா நீ? ... செரி, சண்டக்காரின்னே போடு. நாப்பது வருஷம் என்னாண்ட போட்டவதான்."

பார்சல் சீட்டு எழுதிக்கொண்டிருந்த ஜியாவுல்லா பேனாவை நிறுத்தினார். சிரிக்கவில்லை.

"வயசு அறுவது போடு... ஏன்? ... எல்லாம் சின்ன வயசுதானா? அந்தப் பொட்டில கெழவியே கெடையாதா? செஞ்சவனுக்கு ஆத்தா இல்லையாடா? ... தலமசிரு வெள்ள... மஞ்சளா? உடு, உடு. நெறம்? ... நாலே நெறமா, அதுல நம்ப நெறம் இல்லையா? ... சொல்றதக் கேளு. மூஞ்சில அம்மத் தழும்பு கீது. ரெண்டு கன்னத்துலயும், குழி குழியா... கத்தி வெட்டுத் தழும்புதான் இருக்கா? வேணா, வேணா. அதப் பாத்தா எவன் அவகிட்ட வருவான்?"

"ஆங்? ... ஆப்பரேட்டரா? ஆமாம்மா, பேசினுதான் கீறோம். நடுவுல வராதம்மா. இன்னொரு மூணு நிமிஷம் குடு... அருணகிரி? இருக்கியா? சொல்லு."

"மார்க்கா? ... இருவது மார்க்கு, பலத்துக்கு எத்தன, புத்திக்கு எத்தனன்னு பிரிக்கணுமா? ... புத்திதான்டா அவளுக்குப் பூட்டுது. சைபர் போடு... எடுத்துக்கல? மூணுக்குக் கம்மியா எடுத்துக்காதா? ... மூணு இருந்தா வூட்டுக்கு வந்திருப்பாளே, அருணகிரி."

குரல் கொஞ்சம் இறங்கியது. ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மிச்சம் பதினேழையும் பலத்துக்கே போடு. எங்கியோ நடந்துனே இருப்பா இல்ல... இன்னா ஆச்சு? ... எதையோ அமுத்திட்டியா? ... திருப்பியும் மொதல்லேர்ந்தா? சண்டக்காரியா திருடியாலேர்ந்தா? ஒரு அடி பின்னால வரத் தெரியாதா அதுக்கு? ... செரி, செரி, கத்தல. செய்யி... ஆமா, சண்டக்காரி... ஆமா... கண்ணா? ஆறு விதம். பெருசு, சின்னது, உள்ள போனது, மேல தூக்கினது... இரு."

கண்ணை மூடிப் பார்த்தார். வெளுத்த பச்சைப் புடவை வந்தது. சொம்பு நீட்டும் கை வந்தது. கன்னத்துக் குழிகள் வந்தன. அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை. எந்தத் தெருவில் போனாலும் அவர் முன்னால், அவள் நாலு முழம் பின்னால். மலை சுற்றும்போதும் அப்படித்தான். அன்றைக்கும், அடி அண்ணாமலை தாண்டிப் பின்னால் இருமல் சத்தம் கேட்காமல் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தார். அதற்குள் ஆயிரம் தலை.

"...லைன்லதான் கீறேன்... தெரியில... தெரியிலன்றேன்! ... மறக்கலடா. பாத்தாத்தான மறக்கறதுக்கு... அவ இருமுவா. பொகையில இருமல். ரெண்டு தரம் வரும், அப்புறம் ஒரு கனைப்பு. சந்தைல நூறு பேர் நடுவுல கேட்டாலும் இவதான்னு சொல்லுவேன். அதுக்கு நம்பர் கீதா உன் பொட்டில? ... ம்."

"ஏதோ ஒரு கண்ணப் போடறியா? ... அப்ப அது எவளோ ஒருத்தி மூஞ்சி. அத ஊரு பூரா ஒட்டினா, பக்கத்துல இவளே குந்தினு இருந்தாலும், நோட்டீஸப் பாத்துட்டு இவ இல்லன்னு தாண்டிப் போவான்... வேணா... நாளைக்கும் வேணா... ஆமா, அந்தப் பொட்டிய நம்பல. நீ நல்லதுக்குத்தான் சொல்ற, தெரியுது. ஆனா நம்பல... வெச்சிடறேன்."

வைத்தார். ஜியாவுல்லா, "குந்துங்க, டீ சொல்றேன்" என்றார். தருமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

செங்கம் ரோட்டில் வெயில் ஏறியிருந்தது. பின்னால் போன் மறுபடியும் அடித்தது. "பெரியவரே, மெட்ராஸ்தான்!" என்று ஜியாவுல்லா கூவினார். அவர் திரும்பவில்லை. கடந்து போன டவுன் பஸ்சில் யாரோ ஒரு பெண்பிள்ளை இருமினாள். அதற்குத் திரும்பினார்.

ஒரே தரம்தான் இருமினாள். கனைப்பு வரவில்லை. நடந்தார்.