தைக்காத நாற்பது மூட்டை

"அண்ணே, படுங்கண்ணே! கீழ படுங்க!"

முருகேசன் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறான். விழுகிறேன். பிசின் மூட்டைகளுக்கு நடுவே இருவரும் குப்புறக் கிடக்கிறோம். சனிக்கிழமை. காலை ஒன்பது பத்து. முதல் சத்தம் கடையின் இரும்பு ஷட்டரை ஓங்கி இறக்கியது போல. மூச்சு விடுவதற்குள் இன்னும் மூன்று. பிறகு விமானம். மிகத் தாழ்வாக. கூரைத் தகரம் நடுங்குகிறது. இது கார்ட்டூம். சூடான். எங்களுக்கு இங்கே என்ன வேலை?

சொல்கிறேன். நான் கொச்சி மட்டாஞ்சேரிக்காரன். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம். என் மனைவியின் தாய்மாமாவுக்கு அங்கே மிளகு, சுக்கு மொத்த வியாபாரம். நானும் அவரை மாமா என்றே கூப்பிடுவேன். இருபத்திரண்டு வருடம் அவரிடம் வேலை. சரக்கை முகர்ந்து, கடித்துப் பார்த்து, சாம்பிள் எடுப்பவன் நான். முருகேசன் கம்பத்திலிருந்து வந்தவன். சாக்குத் தைப்பவன். கருவேலம் பிசின் வாங்கிவர எங்கள் இருவரையும் மாமா அனுப்பினார்.

எனக்குப் போக விருப்பமே இல்லை. அங்கே ராணுவமும் துணைப்படையும் முட்டிக்கொண்டு நிற்பதாகச் செய்தியில் வந்துகொண்டிருந்தது. மாமாவிடம் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லடா. நான் விசாரிச்சாச்சு. அங்க எப்பவும் இப்பிடித்தான். பத்து நாள் கழிஞ்சா நீ இங்க இருந்து சாயா குடிச்சிட்டிருப்பே."

கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். முருகேசனின் மனைவி செல்வி, கொச்சங்காடி வாடகை வீட்டு வாசலில் நின்று சொன்னாள். "நீங்க கூடப் போறீங்கன்னுதாண்ணே விடறேன்." பத்திரமாகக் கூட்டிவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. சாம்பிள் எடுத்தவன் கண்முன்னால் எங்கள் ஆளே மூட்டையின் வாயைத் தைக்க வேண்டும். முருகேசன் போடும் முடிச்சு வேறு யாருக்கும் வராது. வழியில் யாரும் சரக்கை மாற்ற முடியாது. தைத்து முடிக்காமல் சரக்கை விட்டு நகர்ந்தவனுக்கு எங்கள் தொழிலில் மதிப்பில்லை. அதில் எனக்குக் கர்வமும் இருந்தது.

திங்கட்கிழமை. மதியம் பன்னிரண்டரை. மின்சாரம் போய் மூன்றாம் நாள். பக்கத்துக் கிடங்குக்காரர் வேனில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். எங்களைப் பார்த்து இரண்டு கைகளாலும் வா, வா என்கிறார். தைக்காத மூட்டை நாற்பது. ஒரு மணி நேரம் என்று விரலைக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். வெளியே சுடுகிறார்கள். நாங்கள் உட்கார்ந்து தைத்தோம். முருகேசன் பாட்டு வேறு முணுமுணுத்தான். நாற்பதாவது மூட்டையை முடித்து எழுந்தபோது ஊரைவிட்டு வெளியேறும் பாலத்தை மூடியிருந்தார்கள். அந்தப் புத்திகெட்ட வேலை என்னுடையது. அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

மற்றது என்னுடையது அல்ல.

சரக்கை ஏற்ற வேண்டிய லாரி வரவில்லை. கிடங்குக் காவலாளி இத்ரீஸ் நோன்பு வைத்திருந்தார். தன் வீட்டு ரொட்டியைப் பகலில் எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ரொட்டியை ஓரமாக வைத்துவிடுவேன். முருகேசன் சாப்பிடச் சொல்லி அதட்டுவான்.

எட்டாம் நாள். சனிக்கிழமை. மாலை ஐந்து மணி. கார் பேட்டரியில் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி ஒலிக்கிறது. மாமா.

"அங்கேயே இருங்கடா. வண்டி ஒண்ணும் கிடைக்கல. நான் எல்லார்கிட்டயும் கேட்டாச்சு. லாரி ரெண்டு நாள்ல வரும். லோடு ஏத்திட்டு வந்தா போதும்."

சரி மாமா என்றேன். முருகேசனிடமும் அப்படியே சொன்னேன். "முதலாளி சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்" என்றான்.

பத்தாம் நாள். திங்கட்கிழமை. மாலை நான்கு இருபது. முருகேசன் முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறான். இத்ரீஸ் கதவருகிலிருந்து அரபியில் கத்துகிறார். நானும் கத்துகிறேன். "முருகேசா, உள்ள வா! ஓடி வா!" ஒரே சத்தம். சிறியது. சுள்ளி ஒடிந்தது போல. அவன் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். நான் போய்த் தூக்கியபோது கண் திறந்திருந்தது. மூச்சில்லை.

தெருக்கோடி வெற்றிடத்தில் புதைத்தோம். நானும் இத்ரீஸும் அவர் அண்ணன் மகனும். ஒரு பலகையில் கரியால் அவன் பெயரைத் தமிழில் எழுதினேன். அந்த ஊரில் அதைப் படிக்க ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு. மலையாளிகள் சேர்ந்து பிடித்த பேருந்து தெருமுனைக்கு வருகிறது. பட்டியல் வைத்திருந்தவர் என் பெயரைக் கேட்டதும் திகைத்தார். "நிங்ஙளுடெ பேரு ஆத்யத்தெ பஸ்ஸில் உண்டாயிருந்நல்லோ!"

முதல் பேருந்து ஞாயிறு விடிகாலை போயிருக்கிறது. அதில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. ஊரிலிருந்து எங்கள் பெயரைப் பதிந்தபோது கொடுத்திருந்தது மட்டாஞ்சேரிக் கிடங்கின் எண். சனிக்கிழமை மதியம் அதற்குக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தவர் மாமா. பையன்கள் பத்திரமாக இருக்கிறார்கள், லோடு ஏற்றிவிட்டு அடுத்த வண்டியில் வருவார்கள் என்றாராம். அதன் பிறகுதான் எனக்குப் பேசியிருக்கிறார். வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை என்று.

ஊருக்கு வந்து கேட்டேன். மாமா மறுக்கவில்லை. "சரக்கு கைவிட்டுப் போயிடும்னு பயந்துட்டேன்டா. ரெண்டு நாள்தானேன்னு நெனச்சேன்." எனக்குச் சாயா வரவழைத்தார். வேலியே பயிரை மேய்ந்த பிறகு என்ன சாயா? எழுந்து வந்துவிட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைக்கிறேன். பல் துலக்கும்போதுகூட நினைக்கிறேன்.

செல்வியிடம் எதையும் மறைக்கவில்லை. நாற்பது மூட்டைக் கதையையும் சொன்னேன். அவள் அழவில்லை. "கூட்டிட்டு வரேன்னீங்களேண்ணே" என்றாள். அவ்வளவுதான்.

இழந்தவற்றை எழுதி வைக்கிறேன். முருகேசன், வயது முப்பத்தாறு. செல்வியின் புருஷன். இத்ரீஸ், இருக்கிறாரா இல்லையா தெரியாது. சரக்கு முழுவதும், கிடங்கோடு எரிந்ததாகக் கேள்வி. என் மனைவிக்குத் தாய்மாமா வீடு. எனக்கு, ஒரு மனிதர் சொன்னால் நம்பலாம் என்ற நினைப்பு. அப்புறம் அந்த முதல் பேருந்தில் இரண்டு இருக்கைகள். கடைசி நேரத்தில் வேறு ஆள் கிடைக்கவில்லையாம். கப்பல் ஏறும் துறைமுகம் வரை அவற்றின் மேல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போனார்களாம்.