நாப்பத்தெட்டாயிரத்தில் ஒரு மருமகள்

...இல்லண்ணே, குத்தம் அந்த மெஷின் மேலதான்! ஆள் மேல இல்ல. ரயிலு குலுங்குது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தப் பொட்டிய மடியில வச்சுக்கணும். ஈச்சம்வெல்லம் போட்ட சந்தேஷ், பால் இனிப்பு. நசுங்கிச்சுன்னா தீதி என்ன உயிரோட விடமாட்டாங்க. ஏற்கனவே விடறதா இல்ல...

எந்த தீதியா? கமலிகா தீதிண்ணே! எங்க ஊருல அக்காவ தீதின்னுதான் கூப்புடுவோம். எங்க பாரக்பூர் நாடகக் கிளப்புல முப்பது வருஷமா புதுப்பொண்ணு வேஷம் அவங்களுக்குத்தான். வயசு அம்பத்தெட்டு. ஆனா குரலு? பதினாறு! மேடை நாடகத்துக்கு இப்ப யாரு வர்றாங்க? அதான் ஒலி நாடகமா பேசி, ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம இன்டர்நெட்டுல போடுறோம். ஏத்துறது என் வேல.

அதுல சாம்பிள் ரேட்னு ஒண்ணு இருக்கு. ஐய, மூஞ்சிய சுளிக்காதீங்க, சுலபம்தான். ஒரு செகண்டுல சத்தத்த எத்தன தடவ அளந்து எழுதி வைக்குதுங்கிற கணக்கு. நாப்பத்திநாலாயிரத்து நூறு தாராளமா போதும். இந்த ஹரிபதா இருக்கானே, மருந்துக் கடக்காரன், 'தொண்ணூத்தாறாயிரம் வைடா, பெரிய நம்பர்தான் கௌரவம்'ங்கிறான். கதவுக் கீல் மாதிரி குரலு, அதுக்குத் தொண்ணூத்தாறாயிரம்! சண்ட போட்டு, டீ ஆறிப்போயி, கடைசியில நாப்பத்தெட்டாயிரத்துல பதிஞ்சோம். ஆனா ஏத்துற எடத்துல வாங்கிக்கிறது நாப்பத்திநாலாயிரத்து நூறு மட்டும்தான்...

ஏத்தினேன். நாப்பது நிமிஷ நாடகம் நாப்பத்திமூணர நிமிஷம் ஓடுது! எல்லாரும் நிதானமா, கனமா பேசுறாங்க. ஹரிபதா ஜமீன்தார் வேஷம். கீலு போயி சிங்கம் வந்துருச்சு! ஆம்பளைங்க எல்லாரும் 'மாத்தாதடா நிருபம், இதுதான் எங்க நெஜக் குரலு'ங்கிறாங்க. ஆனா தீதி? கீழ ஒருத்தர் எழுதியிருக்காரு: 'மாமியார் நடிப்பு பிரமாதம். மருமக எப்ப வருவா?'

சிரிக்காதீங்கண்ணே. தீதி போன்ல அழுதுட்டாங்க. 'முப்பது வருஷமா காப்பாத்தின குரலுடா'ன்னு. இனிமே கிளப்புக்கே வரமாட்டாங்களாம். அவங்க இல்லாம கிளப்பு ஏது? வர்ற ஞாயித்துக்கிழம நாடகத்துல பாதி வசனம் அவங்களுது! நான், 'இன்டர்நெட்டே சரியில்ல தீதி'ன்னு சொல்லி வச்சேன். நம்பிட்டாங்க. அதான்... அதான் உறுத்துது.

சரி, உங்ககிட்ட சொன்னா என்ன? உங்கள இனிமே எங்க பாக்கப்போறேன். மாத்துறதுன்னா முழுசையும் புது அளவுக்குக் கணக்குப் போட்டு எழுதணும். எங்க கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு அது இருபது நிமிஷ வேல. ஞாயித்துக்கிழம மத்தியானம்ணே! வீட்டுல ஆட்டுக்கறி கொதிக்குது. நல்ல எலும்ப எல்லாம் என் மச்சான் மொதல்ல எடுத்துருவான். அதனால... உள்ள எதையும் தொடல. ஃபைலோட தலையில எழுதியிருந்த நம்பர மட்டும் நாப்பத்திநாலாயிரத்து நூறுன்னு திருத்திட்டேன். அளந்தது செகண்டுக்கு நாப்பத்தெட்டாயிரம். படிக்கிறது அத விடக் கொறச்சல். இழுக்காம என்ன செய்யும்?

மறுநாளே திருத்தியிருக்கலாமேன்னு கேக்குறீங்க. எனக்கு அதுல போலீஸ்காரன் வேஷம்ணே. என் குரலும் கம்பீரமா... கொஞ்சம் புடிச்சுப்போச்சு.

இப்ப ஒழுங்கா மாத்தி, போன்ல கொண்டாந்திருக்கேன். ஷியாம்நகர்ல எறங்கி, தீதி வீட்டுக்குப் போயி, அவங்க காதுல போட்டுக் காட்டி, 'தப்பு என்னுதுதான் தீதி, கறிக்கு ஆசப்பட்டுட்டேன்'னு... இப்படிச் சொன்னா போதுமா? என்ன, கைய நீட்டுறீங்க? சந்தேஷா? ஒண்ணு எடுத்துக்கோங்க, எண்ணியா பாக்கப்போறாங்க. வேணாமா? வெளியவா? வெளிய என்ன...

ஐயோ! ஷியாம்நகர் போயிருச்சே! முன்னாடியே கை காட்டக்கூடாதா? காட்டினீங்களா? ரெண்டு தடவையா!

ஜகத்தல்ல எறங்கி எதிர் வண்டியப் புடிச்சா எவ்வளவு நேரம் ஆகும்ணே?

...இருபது நிமிஷமா?

கொஞ்சம் கால எடுங்க. அன்னிக்குக் குடுக்காத இருபது நிமிஷம், வந்து வாங்கிட்டுத்தான் போகும் போலருக்கு.