சுவரை விட்டு ஒரு சாண்

ஏலக்காய் மூட்டையைச் சுவரோடு ஒட்டி அடுக்கக் கூடாது, மேடம். போடியில் இந்தத் தொழிலுக்கு வருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான். தரையில் பலகை போட்டு, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். ஈரம் ஏறினால் காயின் பச்சை வெளுத்து, உள்ளே பூசணம் கட்டிவிடும். ஏலத்தில் அதை அள்ளி மோந்து பார்ப்பவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போய்விடுவான். என் சரக்கை மோந்து முகம் சுளித்தவர் கிடையாது. முனீஸ்வரன் காய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பார்கள். வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள், விசாரிப்பதுதானே உங்கள் சோலி.

வேலுத்தாய் அக்காவைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அந்த வீடு அப்பா கட்டியது. சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்தரம், முன்னால் பெரிய கூடம், பின்னால் சரக்கு அறை. பின்பக்கத்துக்காரர் சுவரோடு சுவராக மாடி மேல் மாடியாக எழுப்பினார். சரக்கு அறைக்கு வந்துகொண்டிருந்த வெயில் அதோடு நின்றது. பிறகு எங்கள் குளியலறைக் குழாய் சுவருக்குள் எங்கோ உடைந்து கசிய ஆரம்பித்தது. முதலில் சரக்கு அறை மூலையில் மிளகுப் பொடி தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் வந்தன. போகப்போக அவை ஒன்றுகூடி ஆள் உயரத்துக்கு ஏறின. பழைய வீடு என்றால் அப்படித்தான் என்று தெருவில் சொன்னார்கள். அவர்கள் வீட்டிலும் பீரோவை நகர்த்தினால் அதே கறுப்பு இருக்கும், அதனால்தான் யாரும் நகர்த்துவதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டு, வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

குழாயை ஏன் மாற்றவில்லை என்கிறீர்கள். இடிக்கப்போகிற வீட்டுக்கு யாராவது குழாய் மாற்றுவார்களா? மூணாறு போகிற கூட்டம் தங்கிப்போக அங்கே ஒரு லாட்ஜ் கட்ட ஆள் தயாராக இருந்தார். பேச்செல்லாம் முடிந்துவிட்டது, அக்காவின் கையெழுத்துதான் பாக்கி. அப்பா பாதி வீட்டை அவள் பெயருக்கு எழுதிவைத்திருந்தார், அவள் காலத்துக்குப் பிறகு அது எனக்கு வரும்படி. பெண் பிள்ளைக்கும் பங்கு கொடுத்த பெருமையோடு அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெருமையை நான்தான் சுமக்க வேண்டியிருந்தது.

அக்கா அப்போது மலையில், ஒரு ஏலக்காய் எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடு ஒன்றில் இருந்தாள். அங்கே சூப்பர்வைசராக இருந்த அவள் வீட்டுக்காரர், என் மாமா, இறந்துபோனார். காரியம் முடிந்த அன்றைக்குப் பக்குவமாகத்தான் பேச்சை எடுத்தேன். அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"தம்பி, அது அப்பா கட்டுன வீடுடா. நான் கண்ண மூடுற மட்டும் அதுல கடப்பாரை படக்கூடாது. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

எனக்கு எரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் அக்கா பேச்சைத் தட்டியவன் இல்லை. சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள். சரிக்கா என்றேன்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சு இழுப்பு உண்டு. மலைக் குளிரில் அது கூடிப்போனது. மகள் சுசித்ரா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவள், அம்மாவை எங்கே வைத்துக்கொள்வாள். நானே ஜீப்பு பிடித்துப் போய் அழைத்துவந்தேன். போடிமெட்டு இறக்கம் முழுவதும் அக்கா என் தோளில் சாய்ந்தபடியே வந்தாள். தெருவில் இறங்கியதும் எதிர்வீட்டு மொக்கம்மாள், தம்பின்னா இப்படியில்ல இருக்கணும் என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பின்னறையை அவளுக்கென்றே ஒழித்துக் கொடுத்தேன். இந்தக் காலத்தில் புருஷனில்லாமல் வந்த அக்காவுக்குத் தனி அறை கொடுக்கிற தம்பி எத்தனை பேர்? சுவருக்கு வெளிர்பச்சை பெயிண்ட் அடித்தேன். கட்டிலை ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிப் போட்டேன், உருண்டு விழாமல் இருக்கப் பிடிமானம். ஈர வாடை தெரியாமல் இருக்கக் கழிவு ஏலக்காயைச் சின்னத் துணிப் பையில் கட்டித் தலைமாட்டில் தொங்கவிட்டேன். அக்கா அதை மோந்து பார்த்துவிட்டு, மாமா சட்டை வாசம்டா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது எனக்கும் அழுகை வந்தது. பொய் சொல்லவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. பச்சைக்குள்ளிருந்து கறுப்பு எட்டிப் பார்த்தது. சுவத்துல என்னமோ வருதுப்பா என்றாள். ஜவுளிக்கடைக் காலண்டர் ஒன்றை அந்த இடத்தில் மாட்டினேன். கறுப்பு காலண்டரைத் தாண்டியது. நகைக்கடைக் காலண்டர் இன்னும் பெரியது, அதை மாட்டினேன். அறையில் சாமிப் படங்கள் கூடிக்கொண்டே போனதைப் பார்த்து, வருகிறவர்கள் அக்காவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்றார்கள்.

அவளுக்கு இழுப்பு விடாமல் வந்தது. தேனியில் பெரிய டாக்டரிடம் காட்டினேன். செலவைப் பார்க்கவில்லை, இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். படம் எடுத்துப் பார்த்தவர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் மட்டும் பேசினார். வீட்டில் ஈரச் சுவர் இருக்கிறதா, கறுப்பாகப் பூசணம் இருக்கிறதா என்று கேட்டார். பழைய வீடுதான் சார் என்றேன். முதலில் அவரை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள், அதற்குப் பிறகுதான் மருந்து, இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். நன்றாகப் படித்தவர், தெளிவாகச் சொன்னார்.

வெளியே வந்தேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் என்னப்பா சொன்னாரு என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. காத்து மட்டும் படக்கூடாதாம். ரூம விட்டு வெளிய வராம இருந்தா வெரசா சரியாயிரும்னாரு."

வீட்டுக்கு வந்ததும் பின்னறைக்கு இருந்த ஒரே சன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய வேட்டித் துணியைத் திணித்தேன். என் மனைவி வீரலட்சுமிதான் ஒருநாள், அத்தாச்சியக் கூடத்துக்கு மாத்திருவோமாங்க என்றாள். கூடத்தில் சரக்கு இருக்கிறதே என்றேன். மூட்டையெல்லாம் அங்கேதான் இருந்தது, பலகை மேல், காற்றாடிக்குக் கீழே. வீரலட்சுமி அதற்கு மேல் கேட்கவில்லை. லாட்ஜ் வந்தால் கீழே கடை வைக்கலாம் என்பது அவள் யோசனை.

அக்கா கடைசிவரை என் மேல் ஒரு குறை சொல்லவில்லை. சன்னலக் கொஞ்சம் தொறந்துவிடேன்பா என்று மட்டும் கேட்பாள். டாக்டர் திட்டுவார்க்கா என்பேன். சரியென்று தலையாட்டுவாள். அவளும் என் பேச்சைத் தட்டியதில்லை. நாங்கள் வளர்ந்தது அப்படி.

ஒரு காலையில் காபி கொண்டுபோனேன். சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்த மேனிக்கே போயிருந்தாள். இடுக்கிலிருந்து பாதித் துணியை உருவியிருந்தாள், மீதி கையிலேயே இருந்தது. அதை மெல்லப் பிரித்தெடுத்துத் துவைக்கப் போட்டேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். ஊரே பார்த்தது.

சுசித்ரா வந்தாள். அம்மாவின் படத்தை மாட்டுவதற்காக அவள்தான் நகைக்கடைக் காலண்டரைக் கழற்றினாள். பின்னால் இருந்த கறுப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஜவுளிக்கடைக் காலண்டரையும் கழற்றினாள். மருந்துச் சீட்டில் இருந்த நம்பரைப் பார்த்துத் தேனி டாக்டருக்குப் போன் செய்து, அன்றைக்கு என்ன சொன்னார் என்று கேட்டாள். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள், சத்தம்கூடப் போடவில்லை.

"மாமா, இந்த ரூம்ல இருந்த சரக்கெல்லாம் எப்பக் கூடத்துக்குப் போச்சு?"

எனக்கு முந்திக்கொண்டு, வாசலில் நின்ற பேச்சிமுத்து சொல்லிவிட்டான். மூட்டை தூக்குகிறவன், அவனுக்கு நாசூக்கு தெரியாது. "அம்மாவக் கூட்டியார்றதுக்கு முந்துன நாளும்மா. சுவத்துல கரும்பூசணம், காய் கெட்டுப்போயிரும்னு அண்ணேதான் அம்புட்டையும் மாத்தச் சொன்னாரு."

அவன் சொன்னது சரிதான் மேடம். அந்த அறையில் ஒரு மூட்டையைக்கூட வைக்க மாட்டேன், எனக்குத் தெரியும். அக்காவை வைத்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். டாக்டர் சொன்னதை மாற்றிச் சொன்னதும் தெரிந்துதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். தான் கண்ணை மூடிய பிறகு இடித்துக்கொள் என்று அவள் சொன்னாள். நான் அதுவரை காத்திருந்தேன். இன்றைக்கும் அந்த வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட நான் பெயர்க்கவில்லை, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய்ய வேண்டும். என்னைப் போட்டிருக்கிற லாக்கப் அறையும் பழைய கட்டடம். மூலையில் கறுப்பு ஏறியிருக்கிறது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எனக்குக் காலையிலிருந்து நெஞ்சு கமறுகிறது. அந்தச் சன்னலைத் திறந்துவிட்டு, என் பாயைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போடச் சொல்லுங்கள். மனுஷன் படுக்கிற இடம் இல்லையா.