சூராவின் ஆறு குப்பிகள்

ஆலாய்ப் பள்ளத்தாக்கில் யார் வீட்டுக்குப் போனாலும் ரொட்டியில் ஒரு துண்டாவது பிட்டு வாயில் போடாமல் எழுந்து வர முடியாது. சூராவின் வீட்டில் நான் ஆறு முறை சாப்பிட்டிருக்கிறேன்.

தலைநகர் பிஷ்கெக்கில் ஓர் ஆய்வகத்தில் வேலை எனக்கு. நரியிடமிருந்தும் நாயிடமிருந்தும் மனிதருக்குத் தொற்றி, ஈரலில் புற்றைப் போலப் பரவும் நாடாப்புழுதான் என் ஆராய்ச்சி. அதன் மரபணுக்களை முழுக்கப் படித்தாகிவிட்டது. வளரும்போது எந்தப் புரதத்தை எப்போது ரத்தத்தில் கலக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. தெரிந்தால், துளி ரத்தத்தில் நோயை முளையிலேயே பிடித்துவிடலாம். ஆனால் நோய் தெரிந்தவர்களை உடனே அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பிவிடுவோம். அது வளர்வதைப் பார்க்க வழியில்லை.

ஊர் முழுக்கப் பரிசோதித்த வசந்தத்தில் சூராவின் ஈரலில் பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளி தெரிந்தது. வெட்டி எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். "குறை ஏதுமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு ஆறு மாதத்துக்கொருமுறை போய் ஒரு குப்பி ரத்தம் எடுத்தேன்.

"ஊருல இத்தன பேர் இருக்க, என்னையே தேடி வர்றியே தங்கச்சி. என் உடம்புல ரத்தம் ஓடுதா, குதிரைப்பால் ஓடுதா?" என்பாள் சூரா.

"பாலா இருந்தா நான் கறந்து வித்திருக்க மாட்டேனா?" என்பார் அவள் கணவர் தொலோகோன். நானும் சிரிப்பேன்.

ஐந்தாம் முறை அவள் சிரிக்கவில்லை. "வலப்பக்கம் கல்லைக் கட்டுன மாதிரி இருக்கு. மறைக்காம சொல்லு, எனக்கு ஏதாச்சும் இருக்கா?"

"வேலை அதிகம்ல அக்கா. கொஞ்சம் படுத்து எந்திரிங்க, சரியாயிரும்."

ஆறாம் முறை அவள் கண்கள் மஞ்சளாக இருந்தன. ரத்தத்தை எடுத்து முடித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வயிற்றைத் திறந்து பார்த்தவர்கள் அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோடையிலேயே இறந்தாள். அடக்கத்தன்று தொலோகோன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசிவரைக்கும் வந்து பார்த்தது நீ ஒருத்திதாம்மா" என்றார்.

அவள் ரத்தத்தை வைத்து உருவாக்கிய சோதனை இதுவரை பதினேழு பேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதை நான் சாக்காகச் சொல்லவில்லை. அவளைக் கொன்றது நான்தான். என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். இனி யாருக்கும் அப்படிச் செய்ய எனக்கு மனம் வராது.

இந்த வசந்தத்தில் அவள் மகள் ஜிபாரின் ஈரலிலும் ஒரு புள்ளி தெரிந்தது. மிகச் சின்னது, எங்கள் சோதனைக்கே இன்னும் சிக்காத அளவுக்கு. அவளிடம் சொல்வதாகத்தான் இருக்கிறேன், இலையுதிர்காலத்து ரத்தத்தை எடுத்த பிறகு.