பாதம் வைத்த எழுத்து

நான் வரைந்த இந்த அச்செழுத்தைக் கல்யாணக் கார்ட்டுக்குப் பாவிக்க வேண்டாம் என்று, இதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப்போகிற உங்கள் ஆளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். உடம்பு பெருத்த எழுத்து, சின்னதாகப் போட்டால் மூச்சு முட்டும். பந்தி பந்தியாக வாசிக்கவும் உதவாது. தலைப்புக்கு, கடை போர்டுக்கு, மதிலில் ஒட்டுகிற நோட்டீசுக்கு இதை மிஞ்ச ஒன்று இல்லை. நானே சொல்லக் கூடாதுதான். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

வருகிற வழியில் செக்பொயிண்டில் மறித்தார்களா? தேநீரைக் குடியுங்கள். தெரிந்ததெல்லாம் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

இங்கிலீஷ் பத்திரிகைத் தலைப்புகளில் கோடு முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பாதம் இருக்கும். எழுத்து நிலத்தில் ஊன்றி நிற்கும். தமிழுக்கும் அப்படிப் பாதம் வைக்க வேண்டுமென்று எனக்குப் பைத்தியம் பிடித்தது. 'ர' சொன்னபடி கேட்டது. 'ழ' என் உயிரை வாங்கியது. நான் வரைந்து கொடுக்க, இங்கே கொழும்பில் கொட்டாஞ்சேனை அச்சகத்தில் என்னோடு வேலை செய்த சூசைதாசன் மரக்கட்டையில் செதுக்கினான். யாழ்ப்பாணத்துப் பாசையூரிலிருந்து வந்து கொச்சிக்கடையில் குடியிருந்தவன். தங்கமான கை. கோயில் திருவிழா, வெள்ளவத்தைச் சேலைக்கடை, மரண அறிவித்தல் என்று எங்கும் எங்கள் எழுத்துத்தான். காலி வீதியில் பஸ் போகும்போது யன்னலோரம் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே போவேன். பிள்ளை இல்லாதவனுக்கு அது பெரிய காரியம்.

தொண்ணூற்றாறில், மத்திய வங்கியில் குண்டு வெடித்த வருடம், தமிழில் நோட்டீஸ் அடிக்கவே எல்லோருக்கும் பயம். எங்கள் தெரு அச்சகக்காரர்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. யார் வந்து எந்தத் தாளைக் காட்டிக் கேட்டாலும், இது இன்னாருடைய எழுத்து என்று ஒருவரும் சொல்வதில்லை. பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் வாய் திறப்பதில்லை.

ஒருநாள் விடிய வெள்ளவத்தை மதில்களில் ஒரு நோட்டீஸ். 'எங்கள் பிள்ளைகள் எங்கே?' அவ்வளவுதான். பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகள் திரும்பி வராத தாய்மார் சிலருக்கு யாரோ அடித்துக் கொடுத்திருந்தார்கள். பின்னேரம் ஒரு இன்ஸ்பெக்டர் அதில் ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். பக்கத்து அச்சகம் மஜீட் நானா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தெரியா சேர், எங்கட இல்ல" என்றார். இன்ஸ்பெக்டர் அடுத்ததாக என்னிடம் நீட்டினார்.

என் எழுத்து. பாதங்களை மட்டும் காணவில்லை. ஒவ்வொரு பாதத்தையும் உளியால் சீவி எடுத்திருந்தான் சூசைதாசன். எழுத்தெல்லாம் நிலத்தில் படாமல் அந்தரத்தில் தொங்கியது.

இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். சிங்களத்தில், சிரித்தபடிதான் கேட்டார், தொழில் தெரியாத யாரோ வரைந்ததா என்று. இல்லை, நல்ல எழுத்து, நான் வரைந்தது, பாதத்தை வெட்டிக் கெடுத்திருக்கிறார்கள் என்றேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெட்டியது யார் என்று கேட்டார். இவ்வளவு துப்பரவாகச் சீவக்கூடிய கை கொழும்பில் ஒன்றுதான் இருந்தது. பெயரைச் சொன்னேன். வீடு எங்கே என்று அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். மட்டக்குளியில் இன்னொரு சூசைதாசன் இருந்தான், பாவம், மீன் விற்கிறவன். ஒன்றும் அறியாதவன் அகப்படக் கூடாது அல்லவா.

அதன் பிறகு அவன் வேலைக்கு வரவில்லை. வீட்டிலும் இல்லை. எந்தப் பொலிஸிலும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள்.

சில கிழமை கழித்து அவன் மனைவி ஐறீன் அச்சகத்துக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"வரதண்ணை, அவர் ஏன் அந்தப் பாதங்களை வெட்டினவர் தெரியுமோ? உங்கட எழுத்தெண்டு கண்டுபிடிச்சு உங்களிட்ட வந்திடுவாங்களாம். 'அண்ணைக்கு ஒண்டும் வரக் கூடாது' எண்டு சொல்லிச் சொல்லி வெட்டினவர்."

"தண்ணி குடி பிள்ளை" என்றேன்.

அவன் படத்தைப் போட்டு ஒரு நோட்டீஸ் அடித்துத் தரச் சொன்னாள். 'என் கணவர் எங்கே?' வெட்டுப்படாமல் இருந்த மற்றக் கட்டைகளில் அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. எழுத்து ஒவ்வொன்றும் பாதம் ஊன்றி நின்றது. காலி வீதியின் அந்தப் பக்கத்திலிருந்தே வாசிக்கலாம். இந்த எழுத்து இதைவிட அழகாக வேறெதிலும் விழுந்ததில்லை. மாதிரி வேண்டுமென்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் அவன் வருகிறான். மத்தியான வெயிலில் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று அச்சகப் போர்டில் இருக்கிற என் எழுத்தை வாசிக்கிறான். பேய்க்குக் கால் நிலத்தில் படாது என்பார்கள். நான் முதலில் கீழேதான் பார்க்கிறேன். இடுப்பில் கட்டியிருக்கிற சாரத்துக்குக் கீழே வெறும் ரோட்டுத்தான் தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

எழுத்துக்கு எங்கள் இருவர் பெயரையும் போடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம், வரைந்தவன் பெயர் போதும். அவனில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நான் யாரையும் காட்டிக்கொடுத்தவனும் அல்ல, ஒரு எழுத்தை இன்னதென்று சொன்னேன். அவன் அந்தப் பாதங்களில் கைவைக்காமல் இருந்திருந்தால், மஜீட் நானா மாதிரி நானும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.