மலைச் சத்தம்

எல்கடுவயிலிருந்து மாத்தளைக்கு இறங்கும் பஸ். காலையிலிருந்தே மழை. எனக்கு முன் சீட்டிலிருந்த பெண் எழுந்து நின்று சொன்னார்: "டிரைவர் தம்பி, அந்த ரேடியோவ கொஞ்சம் நிப்பாட்டுங்க. மலைச் சத்தம் கேக்க மாட்டேங்குது."

டிரைவர் நிறுத்தினார். அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்தவர் கேட்டார், "ஏன்க்கா, பாட்டு புடிக்காதா?"

"உசுருங்க. ரேடியோவுல பிறந்தநாள் வாழ்த்து சொல்லுவாங்களே, சின்னதுல என் பேரும் ஒருக்கா வந்துச்சு."

"எங்க தோட்டத்து லயத்துலயும் வரிசையா எல்லா வீட்லயும் அதுதான் ஓடும். பேரு வந்தா ஓடிப்போய் சொல்லுவோம்."

"அந்த ஆசையிலதான் போன வருஷம் மக பேர அனுப்பினேன். சத்தமா வச்சுக்கிட்டு காத்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால மலை மண்ணு சரிஞ்சது கேக்கவே இல்ல. அடுப்பு இருக்கிற குசினிச் செவுரு உள்ள விழுந்தப்பதான் தெரிஞ்சுச்சு. புள்ளைய இழுத்துக்கிட்டு ஓடினேன்."

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகலயே?"

"இல்லங்க."

"இப்ப எங்க இருக்கீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மலை தெரியவில்லை, மேகம்தான்.

"அதே லயத்துலதான். வேற எடம் இன்னும் குடுக்கல. இன்னைக்கு ஸ்கூல் லீவு, மக தனியா இருக்கா. ரேடியோ மட்டும் போட்டுறாதன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."